காரணம் தெரியாமல் வரும் நீலத்திரை: மலைவீட்டுக் கணினிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சென்ற அக்டோபர் கடைசியில், கோத்தகிரியில் வடகிழக்குப் பருவமழை வலுத்திருந்த நாட்களில், எங்கள் வீட்டுக் கணினி பதினேழு நாட்களில் பதினொரு முறை நீலத்திரை காட்டி நின்றது. அக்கம்பக்கத்துச் சிறு தேயிலை விவசாயிகள் சிலருக்குப் பச்சைத் தேயிலைக் கணக்கை நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். கணக்கைத் திறந்து வைத்திருக்கும்போதே திரை நீலமாகும், தானே அணையும், தானே எழுந்து எதுவும் நடக்காததுபோல் நிற்கும். பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டு போனபோது, "விண்டோஸ் போயிருக்கும், ஃபார்மட் போட்டுடலாம்" என்றார்கள். போட்டார்கள். நான்கே நாளில் நீலத்திரை திரும்ப வந்தது. மறுபடியும் ஃபார்மட் போட்டார்கள். எடுத்து வைக்கச் சொல்லியிருந்த இரண்டு மாதக் கணக்கும் அதோடு போயிற்று. பழுது விண்டோஸில் இல்லை என்பதும், கணினியின் தற்காலிக நினைவகமான ரேமின் தொடுமுனைகளில் ஏறியிருந்த ஈரத்தின் கறைதான் காரணம் என்பதும் பிறகு நானே திறந்து பார்த்தபோது தெரிந்தன. சரிசெய்ய ஆனது ஒரு பென்சில் ரப்பரும் அரை மணி நேரமும்.

ஃபார்மட், அதாவது டிஸ்க்கை அழித்து விண்டோஸை மறுபடி ஏற்றுவது, தேடலின் கடைசிப் படி. கடைகளில் அதுவே முதற்படியாக இருப்பதற்குக் காரணம், அதற்கு யோசனை தேவையில்லை என்பதுதான். மலையில் இருப்பவர்களுக்கோ, கணினியைத் தூக்கிக்கொண்டு மேட்டுப்பாளையத்துக்கோ கோயம்புத்தூருக்கோ இறங்கி ஏறினால் ஒரு நாள் முழுதாகப் போய்விடும். ஆகவே வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகளை, எதை முன்னே எதைப் பின்னே செய்வது என்ற வரிசையோடு இங்கே எழுதுகிறேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பதை மட்டும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே நாளில் நான்கை மாற்றினால், நின்றுபோன கோளாறு எதனால் நின்றது என்பது கடைசிவரை தெரியாது.

தொடங்குமுன் இரண்டு ஏற்பாடுகள்

இழக்கக் கூடாத கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ முதலில் படியெடுத்துக்கொள்ளுங்கள். டெஸ்க்டாப்பிலும் டவுன்லோட்ஸிலும் கிடப்பவற்றையும் மறக்க வேண்டாம். பெரும்பாலான வீடுகளில் முக்கியமானவை அங்கேதான் இருக்கும்.

இரண்டாவது ஏற்பாட்டைப் பலர் அறிவதில்லை. அண்மைக்கால விண்டோஸ் கணினிகள் பலவற்றில் உரிமையாளருக்கே தெரியாமல் டிஸ்க் குறியாக்கம் (பிட்லாக்கர் என்ற பூட்டு) செய்யப்பட்டிருக்கும். பயாஸில் (விண்டோஸ் எழுமுன் கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை அமைப்பில்) எதையாவது மாற்றினால், அடுத்த முறை கணினி எழும்போது 48 இலக்கங்கள் கொண்ட பிட்லாக்கர் ரெக்கவரி கீயைக் கேட்கக்கூடும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்த எண்ணைப் பார்த்துத் தாளில் எழுதி வைத்துக்கொண்ட பிறகே மற்றவற்றில் கை வையுங்கள்.

நின்றது எப்படி என்று பிரித்தறிதல்

"கணினி நின்றுவிட்டது" என்ற ஒரே வாக்கியத்துக்குள் மூன்று வேறுவேறு நோய்கள் இருக்கின்றன. நீலத்திரை வந்து, ஏதோ எழுத்துகள் காட்டி, பிறகு ரீஸ்டார்ட் ஆவது ஒன்று: விண்டோஸின் மையப்பகுதி தொடர்ந்து இயங்குவது ஆபத்து என்று கண்டு தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது என்று இதற்குப் பொருள். எந்தத் திரையும் வராமல் விளக்கை அணைத்ததுபோல் சட்டென்று போவது இரண்டாவது. இது பெரும்பாலும் மின்சாரம், எஸ்.எம்.பி.எஸ். (கேபினெட்டுக்குள் மின்சாரம் வழங்கும் பெட்டி), யு.பி.எஸ். அல்லது கடும் சூட்டைச் சேர்ந்தது. படம் அப்படியே உறைந்து, மவுஸும் அசையாமல் நிற்பது மூன்றாவது. டிஸ்க்கையும் கிராஃபிக்ஸையும் ரேமையும் அங்கே சந்தேகிக்க வேண்டும்.

திரையின் நிறத்தைப் பற்றி ஒரு சொல். விண்டோஸ் 8 வந்த 2012 முதல் வருத்த முகத்தோடு வந்துகொண்டிருந்த அந்தத் திரையை, விண்டோஸ் 11-இல் 2025-இல் மைக்ரோசாஃப்ட் கறுப்பாக மாற்றத் தொடங்கியது. முகமும் போயிற்று. ஆகவே புதிய கணினியில் கறுப்புத் திரையில் எழுத்துகள் வந்தால் அதுவும் இதே நோய்தான். ஸ்டாப் கோடு என்ற பிழைப்பெயர் அங்கும் இருக்கும்.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்து பார்ப்பவர்கள் "கெர்னல் பவர் 41" என்ற பதிவைக் கண்டதும் மின்சாரக் கோளாறு என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். போன முறை கணினி முறையாக அணைக்கப்படவில்லை என்பதைத் தவிர அந்தப் பதிவு பெரும்பாலும் வேறெதையும் சொல்வதில்லை. அதன் பக்கத்திலேயே "பக்செக் 1001" என்ற பதிவும் இருந்தால் நீலத்திரை வந்திருக்கிறது; அது இல்லாமல் 41 மட்டும் தனித்து நின்றால் மின் இணைப்பைப் பார்க்கலாம்.

திரையைப் பிடித்து நிறுத்துதல்

படிப்பதற்குள் திரை மறைந்துவிடுவதால், தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்திவிட வேண்டும். ஸ்டார்ட் மெனுவின் தேடல் பெட்டியில் "வியூ அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்" என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து திறந்தால், அட்வான்ஸ்டு பகுதியின் அடியில் "ஸ்டார்ட்அப் அண்டு ரெக்கவரி" இருக்கும். அதன் செட்டிங்ஸில் "ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்" என்ற கட்டத்திலுள்ள குறியை எடுத்துவிடுங்கள். அதே இடத்தில் டம்ப் (நின்ற கணத்தில் நினைவகத்தில் இருந்ததன் பதிவு) வகை "ஆட்டோமேட்டிக் மெமரி டம்ப்" அல்லது "ஸ்மால் மெமரி டம்ப்" என்று இருக்கட்டும்; "நன்" (எதுவும் வேண்டாம்) என்று இருந்தால் சாட்சியம் எதுவும் எழுதப்படாது. சி டிரைவில் பேஜிங் ஃபைல் (ரேமுக்குத் துணையாக விண்டோஸ் டிஸ்க்கில் வைக்கும் கோப்பு) இல்லாவிட்டாலும் டம்ப் விழாது. "கணினியைச் சுத்தம் செய்யும்" செயலி ஏதேனும் இருந்தால் அதை நீக்கிவிடுங்கள். குப்பை என்று அவை அழிப்பவற்றில் இந்த டம்ப் கோப்புகளும் சேரும்.

இனி திரை வந்தால் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி அணைக்கலாம். ஏற்கெனவே நடந்தவற்றைப் பார்க்கத் தேடல் பெட்டியில் "வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி" என்று கேட்டால், நாள்வாரியாகச் சிவப்புப் பெருக்கல் குறிகளோடு ஒரு கட்டப்படம் வரும். எந்த நாளில் எந்த டிரைவர் (ஒரு கருவியை இயக்கும் மென்பொருள்) அல்லது அப்டேட் ஏறியது என்பதும் அதே படத்தில் இருப்பதால், கோளாறு தொடங்கிய நாளுக்கு முந்தைய நாளை அங்கே பார்க்கத் தவற வேண்டாம்.

நோட்டுப் புத்தகம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன். நாள், மணி, கணினியைப் போட்டு எத்தனை நிமிடம் ஆயிற்று, என்ன வேலை நடந்துகொண்டிருந்தது, பிழைப்பெயர் என்ன, வெளியே வானிலை என்ன என்று ஆறு பத்திகள் போதும். என் நோட்டிலிருந்து நான்கு வரிகள்:

அக்டோபர் 24, காலை 7.10. போட்டு எட்டு நிமிடம். கணக்குத் தாள். பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா. மழை.
அக்டோபர் 25, காலை 6.50. போட்டு ஐந்து நிமிடம். எதுவும் திறக்கவில்லை. மெமரி மேனேஜ்மென்ட். மேகம் இறங்கியிருந்தது.
அக்டோபர் 27, காலை 7.30. போட்டு பன்னிரண்டு நிமிடம். பிரவுசர். ஐ.ஆர்.க்யூ.எல். நாட் லெஸ் ஆர் ஈக்வல். தூறல்.
அக்டோபர் 28. நாள் முழுவதும் ஓடியது, ஒன்றும் இல்லை. வெயில்.

இந்த நான்கு வரிகள் இரண்டு செய்திகளைச் சொல்கின்றன. பிழைப்பெயர் ஒவ்வொரு முறையும் வேறாக இருக்கிறது. நேரமோ எப்போதும் குளிர்ந்த கணினியைப் போட்ட முதல் கால் மணிக்குள் இருக்கிறது. எழுதி வைக்கும்வரை எனக்கு இது "எப்போது வேண்டுமானாலும் வரும்" கோளாறாகத்தான் தெரிந்தது.

பிழைப்பெயரைப் படிக்கும் விதம்

ஒரே பெயர், ஒரே வேலையின்போது, திரும்பத் திரும்ப வந்தால் அது பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட டிரைவரின் வேலை. பெயர் மாறிமாறி வந்தால், அதிலும் தொடர்பில்லாத வேலைகளின்போது வந்தால், வன்பொருளை, குறிப்பாக ரேமையும் மின்வழங்கலையும், முதலில் சந்தேகிக்க வேண்டும். பழுதான நினைவகத்தில் அன்றைக்கு எந்தத் தகவல் போய் உட்கார்ந்ததோ அது கெடுகிறது. அதனால்தான் ஒவ்வொரு நாளும் வேறொரு பிழை.

தனிப்பெயர்களுக்கும் ஓரளவு பொருள் உண்டு. மெமரி மேனேஜ்மென்ட், பேஜ் ஃபால்ட் ஆகியவை ரேமை நோக்கிக் கை காட்டும். ஆனால் மோசமான டிரைவரும் அவற்றை வரவழைக்கும். டபிள்யூ.எச்.இ.ஏ. அன்கரெக்டபிள் எரர் என்பது பிராசசர் அல்லது மதர்போர்டே வன்பொருள் பிழையைத் தெரிவித்தது என்று பொருள்படும். சூடு, மின்னழுத்தம், வேகத்தைக் கூட்டிய அமைப்பு என்று தேட வேண்டும். கெர்னல் டேட்டா இன்பேஜ் எரர் வந்தால் டிஸ்க்கையும் அதன் கேபிளையும் பாருங்கள். விடியோ டி.டி.ஆர். ஃபெயிலியர் கிராஃபிக்ஸைச் சேர்ந்தது. டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர் கணினி தூங்கும்போதோ விழிக்கும்போதோ வரும். வைஃபை டிரைவரையும் யு.எஸ்.பி. கருவிகளையும் அங்கே ஆராயலாம். டி.பி.சி. வாட்ச்டாக் வயலேஷன் என்பது ஏதோ ஒரு டிரைவர் தன் முறைக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டது என்பதாகும். டிஸ்க் டிரைவரும் டிஸ்க்குக்குள்ளேயே இருக்கும் மென்பொருளான ஃபெர்ம்வேரும் இதில் அடிக்கடி சிக்கும்.

வெளியிலிருந்து தொடங்குதல்

கீபோர்டு, மவுஸ், மானிட்டர் தவிர எல்லாவற்றையும் கழற்றிவிட்டுச் சில நாள் ஓட்டிப் பாருங்கள். பிரின்டர், வெப்கேம், பழைய யு.எஸ்.பி. ஹப், மலிவான வைஃபை டாங்கிள் எல்லாம் போகட்டும். காசு செலவில்லாத இந்தச் சோதனையைத்தான் மக்கள் தவிர்க்கிறார்கள்.

அடுத்தது மின்சாரம். நம் வீடுகளில் மின்னழுத்தம் 230 வோல்ட் இருக்க வேண்டும். மாலையில் வீடுதோறும் கீசரும் ஹீட்டரும் ஏறும் நேரத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதை ஒரு மல்டிமீட்டரில் அல்லது ஸ்டெபிலைசரின் முகப்பில் பார்த்து நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில், கணினியும் இரண்டாயிரம் வாட் ரூம் ஹீட்டரும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருந்தன. ஹீட்டரின் தெர்மோஸ்டாட் 'டிக்' என்று விழும் ஒவ்வொரு முறையும் மேசை விளக்கு ஒரு கணம் மங்கும். சில முறை கணினியும் போகும். ஹீட்டரைத் தனி 15 ஆம்ப் பிளக்குக்கு மாற்றிய அன்றோடு அந்தத் தொல்லை நின்றது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஹீட்டரைச் செருகுவது தீ விபத்துக்கும் வழி என்பதால், கணினியே இல்லாத வீட்டிலும் அதைச் செய்யக் கூடாது.

யு.பி.எஸ். இருந்தால், திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிட்டு, அதன் பிளக் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். கணினி சட்டென்று போனால் அதனுள் இருக்கும் பேட்டரி போய்விட்டது. மின்வெட்டு அடிக்கடி வரும் வீட்டில் அந்தப் பேட்டரி மூன்று நான்கு ஆண்டு தாண்டினாலே பெரிது.

எர்த்திங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேபினெட்டின் உலோகத்தில் கை பட்டால் 'சுள்' என்று இருக்கிறது என்றால், அந்தப் பிளக்குக்கு எர்த் சரியாகப் போகவில்லை, எஸ்.எம்.பி.எஸ்.ஸிலுள்ள வடிப்பான் வழியாகக் கசியும் மின்னோட்டம் போக வழியின்றிக் கேபினெட்டில் நிற்கிறது. பாறை மேல் கட்டிய மலைவீடுகளில் எர்த் குழி ஆழம் போதாமல் இருப்பது புதிதல்ல. எலக்ட்ரீஷியனை அழைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே உள்ள வோல்ட்டை அளக்கச் சொல்லுங்கள்; இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அவரே குழியைப் பார்க்கச் சொல்வார்.

கேபினெட்டைத் திறத்தல்

மலையில் வன்பொருள் கோளாறுக்கு ஈரம் பெரிய காரணம். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும், கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலும், மேகம் சன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே நடமாடும். சுவரில் ஓதம் ஏறும். அலமாரியில் செருப்பில் பூஞ்சணம் பூக்கும். அதே காற்றைத்தான் கேபினெட்டின் விசிறியும் உள்ளே இழுக்கிறது.

கணினியை அணைத்து, மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கி, பவர் பொத்தானை ஐந்தாறு நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். அடுத்து ஸ்வெட்டரைக் கழற்றி வையுங்கள். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை: உறைபனி விழும் ஜனவரியின் வறண்ட காற்றில் கம்பளி ஸ்வெட்டர் உரசி உண்டாகும் நிலைமின்சாரம், நமக்கு ஒரு சிறு பொறியாகத் தெரிந்தாலும், ரேம் சில்லைக் கொல்லப் போதும். குளிர்ந்தாலும் பருத்திச் சட்டையோடு உட்கார்ந்து, வேலைக்கு நடுவே அவ்வப்போது கேபினெட்டின் வண்ணம் பூசாத உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள்.

ரேமின் இரு முனைகளிலும் உள்ள பிடிகளை வெளிப்பக்கம் தள்ளினால் பட்டை சற்றே எழும். அதை ஓரங்களில் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கீழ்விளிம்பில் தங்கநிறத் தொடுமுனைகள் வரிசையாக இருக்கும். என் கணினியில் அந்த வரிசையின் ஒரு பாதி பளபளத்தது. மறுபாதி, ஓதம் ஏறிய சுவரை நோக்கி இருந்த பக்கம், பழைய பித்தளைக் குத்துவிளக்குபோல் மங்கியிருந்தது. வெள்ளைப் பென்சில் ரப்பரால், அழுத்தாமல், ஒரே திசையில் நான்கைந்து முறை தேயுங்கள். மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் கூடாது. அது தங்கப் பூச்சையே எடுத்துவிடும். ரப்பர்த் துகள் மதர்போர்டில் விழாதபடி தள்ளி வைத்துத் தேய்த்துவிட்டு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய துணியால் ஒற்றி உலர விடுங்கள். ரேம் செருகும் பள்ளத்தை வாயால் ஊத வேண்டாம், எச்சில் ஈரம் சேரும். கேமரா கடையில் கிடைக்கும் ரப்பர்க் குமிழால் ஊதலாம்.

திரும்பச் செருகும்போது பட்டையின் வெட்டும் பள்ளத்தின் மேடும் பொருந்துகின்றனவா என்று பார்த்து, இரு முனையிலும் சம அளவில் அழுத்தினால் பிடிகள் 'க்ளிக்' என்று தாமே மூடும். அந்த ஒலி வராவிட்டால் அது முழுதாக இறங்கவில்லை. நான்கு பள்ளம் உள்ள மதர்போர்டில் இரண்டே பட்டைகள் என்றால், பெரும்பாலும் பிராசசர் பக்கத்திலிருந்து இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். திறந்தது திறந்ததாக டிஸ்க்கின் சாட்டா கேபிள், மதர்போர்டுக்கு வரும் 24 முனை மின்கேபிள், பிராசசருக்குத் தனியாக வரும் மின்கேபிள், கிராஃபிக்ஸ் கார்டு ஆகியவற்றையும் ஒரு முறை கழற்றிச் செருகிவிடுங்கள்.

மடிக்கணினியானால் முதலில் பேட்டரியின் இணைப்பைக் கழற்ற வேண்டும். பல மாதிரிகளில் ரேம் போர்டோடு ஒட்டவைத்தே வருவதால் அங்கே இந்தப் படிக்கு இடமில்லை.

கேபினெட்டைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். இரவில் பிளாஸ்டிக் உறை போட்டு மூடுவது நன்மை செய்வதாகத் தோன்றும். உண்மையில் ஈரத்தை அது உள்ளேயே பூட்டிவைக்கும். பருத்தித் துணி போதும். மழைக்காலத்தில் வேலை இல்லாவிட்டாலும் தினமும் ஒரு மணி நேரம் கணினியை ஓட விடுங்கள். அதன் சொந்தச் சூடே அதை உலர்த்தும். மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீடுகளின் கணினிகள் தினமும் ஓடுபவற்றைவிட விரைவில் கெடுவதை இங்கே பலமுறை பார்த்திருக்கிறேன்.

ரேமை முழுமையாகச் சோதித்தல்

சுத்தம் செய்த பிறகும் திரை வந்தால் ரேமையே சோதிக்க வேண்டும். விண்டோஸோடு வரும் "விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்" எளிது. அது தொடங்கியதும் எஃப்1 விசையை அழுத்தி "எக்ஸ்டெண்டட்" சோதனையைத் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் அது பிழை இல்லை என்று சொல்வதை நான் முழுதாக நம்புவதில்லை. மெம்டெஸ்ட்86 அல்லது மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்கி, குறைந்தது நான்கு சுற்று ஓட விடுங்கள். 16 ஜிபி ரேமுக்குப் பல மணி நேரம் ஆகும்; இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாம். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது தோல்விதான். "ஒன்றுதானே" என்ற சமாதானம் இங்கே செல்லாது.

பிழை வந்தால், பயாஸில் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ என்ற வேகக்கூட்டல் அமைப்பு போடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, அதை அணைத்துவிட்டு மீண்டும் ஓட்டுங்கள். அப்போது பிழை மறைந்தால், ரேம் அந்த வேகத்தைத் தாங்கவில்லை என்பதே பொருள். மறையாவிட்டால் ஒரு பட்டையை மட்டும் வைத்துச் சோதியுங்கள். பிறகு அதே பள்ளத்தில் மற்றதை வைத்துச் சோதியுங்கள். பட்டையோடு பிழை இடம் மாறினால் பட்டை பழுது. எந்தப் பட்டையை வைத்தாலும் ஒரே பள்ளத்தில் பிழை வந்தால் மதர்போர்டு பழுது. ரேம் தயாரிப்பாளர்கள் பலர் நீண்ட கால உத்தரவாதம் தருவதால், புதிது வாங்குமுன் பழைய பில்லைத் தேடுங்கள்.

டிஸ்க்

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும். ஹார்ட் டிஸ்க்கில் "ரீஅலகேட்டட் செக்டர்ஸ்", "கரன்ட் பெண்டிங் செக்டர்ஸ்" ஆகிய எண்ணிக்கைகள் நாளுக்கு நாள் கூடினால் அது சாகத் தொடங்கியிருக்கிறது. "சி.ஆர்.சி. எரர்" எண்ணிக்கை மட்டும் கூடினால் டிஸ்க்கைவிடக் கேபிளைச் சந்தேகியுங்கள், ஈரத்தில் சாட்டா கேபிளின் முனைகளும் கறுக்கும். உடல்நிலை மோசம் என்று தெரிந்த டிஸ்க்கில் செக்டிஸ்க் ஓட்ட வேண்டாம். முழுப் பரப்பையும் தேடும் அந்தச் சோதனையே அதற்குக் கடைசி அடியாகலாம், முதலில் படியெடுங்கள்.

சூடும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும்

ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் எடுத்துச்செல்லும் சூடு அந்த அளவுக்குக் குறையும். நம் குளிர் அதைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடுவதால் சூட்டுக் கோளாறு இங்கே அரிது. இருந்தாலும், போட்டு ஒரு மணி நேரம் கழித்து, விளையாட்டு அல்லது விடியோ வேலையின்போது மட்டுமே கணினி நிற்கிறது என்று நோட்டு சொன்னால், எச்.டபிள்யூ.இன்ஃபோ மூலம் பிராசசரின் வெப்பத்தைப் பாருங்கள். 95 டிகிரியை ஒட்டி நின்றால் தூசியைத் தட்டி, தெர்மல் பேஸ்ட்டை மாற்ற வேண்டும்.

சூடு இயல்பாக இருந்தும் பளுவின்போது மட்டும் நின்றால் எஸ்.எம்.பி.எஸ்.ஸைச் சந்தேகிக்கலாம். அதன் 12 வோல்ட் வழி 11.4-க்கும் 12.6-க்கும் இடையே இருக்க வேண்டும். ஆனால் பயாஸில் தெரியும் எண் துல்லியமானதல்ல. நண்பரிடம் நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை இரண்டு நாள் இரவல் வாங்கிப் போட்டுப் பார்ப்பதே நிச்சயமான சோதனை. அதன் பெட்டியைத் திறக்கவே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆளைக் கொல்லும் மின்னழுத்தம் சேர்ந்திருக்கும்.

விண்டோஸும் டிரைவர்களும்

இதுவரை எதுவும் சிக்காவிட்டால்தான் மென்பொருள். கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, டி.ஐ.எஸ்.எம். கட்டளையை "ஆன்லைன்", "கிளீனப் இமேஜ்", "ரெஸ்டோர்ஹெல்த்" ஆகிய மூன்று தேர்வுகளோடு (DISM /Online /Cleanup-Image /RestoreHealth) முதலில் ஓட்டுங்கள். அது சரியான கோப்புகளை இணையத்திலிருந்து இறக்கும் என்பதால், சிக்னல் விட்டுவிட்டு வரும் இடங்களில் பாதியில் நின்றதுபோல் தோன்றும், பொறுத்திருங்கள். அது முடிந்த பிறகு எஸ்.எஃப்.சி. ஸ்கேன்நவ் (sfc /scannow) கட்டளை. இந்த வரிசை முக்கியம்: இரண்டாவது எங்கிருந்து நல்ல கோப்பை எடுக்கிறதோ அந்தக் கிடங்கைத்தான் முதலாவது சீர்செய்கிறது.

அடுத்து, கோளாறு தொடங்கிய நாளையொட்டி ஏறிய டிரைவரை அதன் முந்தைய பதிப்புக்குத் திருப்புங்கள். டிவைஸ் மேனேஜரில் அந்தக் கருவியின் பண்புகளில் "ரோல் பேக் டிரைவர்" இருக்கும். புதிய டிரைவர் வேண்டுமென்றால் கணினி அல்லது மதர்போர்டு தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். "எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில் புதுப்பிக்கும்" செயலிகள் தீர்ப்பதைவிடக் கெடுப்பதே அதிகம். வேறு நிறுவனத்தின் ஆன்டிவைரஸ் இருந்தால் சில நாள் நீக்கிப் பாருங்கள். பாதுகாப்பு மென்பொருள் விண்டோஸின் மையத்துக்குள்ளேயே வேலை செய்கிறது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ஒரு பிழையான அப்டேட், மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீட்டின்படி 85 லட்சம் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது.

டம்ப் கோப்பைப் படிக்க மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் வின்டிபக் இலவசமாகக் கிடைக்கிறது. சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் மினிடம்ப்பிலிருந்து கோப்பைத் திறந்து, "அனலைஸ்" என்ற நீல இணைப்பைச் சொடுக்கினால் நீண்ட அறிக்கை வரும். அதில் "மாட்யூல் நேம்", "இமேஜ் நேம்" என்ற இரண்டு வரிகள் போதும். ஒரு வைஃபை அல்லது கிராஃபிக்ஸ் டிரைவரின் பெயர் மூன்று நான்கு டம்ப்களிலும் வந்தால் அதைப் பிடித்துக்கொள்ளலாம். என்.டி.ஓ.எஸ்.கெர்னல் என்று வந்தால் அது விண்டோஸின் மையமே. கூச்சல் போட்டவரைத் திருடர் என்று பிடிப்பதுபோல் அதன்மேல் பழி போட வேண்டாம். "மெமரி கரப்ஷன்" என்று வந்தால் ரேம் சோதனைக்குத் திரும்புங்கள்.

டிரைவர் வெரிஃபையர் என்ற கருவியும் உண்டு. மைக்ரோசாஃப்ட் அல்லாத டிரைவர்களை மட்டும் தேர்ந்து அதை இயக்கினால், தவறு செய்யும் டிரைவரை அது வேண்டுமென்றே திரையில் பிடித்துக் கொடுக்கும். ஆனால் கணினி எழவே முடியாமல் சுழலவும் கூடும். ஆகவே பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ரெஸ்டோர் பாயின்ட் ஒன்றை உண்டாக்கிக்கொண்டும், அவசியமான டிரைவர்களோடு மட்டும் எழும் சேஃப் மோடில் நுழைந்து வெரிஃபையர் ரீசெட் (verifier /reset) கட்டளையால் அதை நிறுத்தும் முறையைத் தாளில் எழுதிக்கொண்டுமே தொடங்க வேண்டும். தேவை தீர்ந்ததும் அணைத்துவிடுங்கள்.

பயாஸ் அப்டேட் சில கோளாறுகளைத் தீர்க்கும். காற்றும் மழையும் இருக்கும் நாளில் மட்டும் அதைத் தொடாதீர்கள். மரக்கிளை ஒன்று மின்கம்பியில் விழுந்து நடுவில் மின்சாரம் போனால் மதர்போர்டே எழாமல் போகலாம்.

ஃபார்மட்டுக்கு முன்னால் ஒரு சோதனை

உபுண்டு போன்ற லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி, டிஸ்க்கில் நிறுவாமல் அதிலிருந்தே கணினியை இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பாருங்கள். அங்கும் உறைந்தோ அணைந்தோ போனால் வன்பொருள்தான், விண்டோஸை எத்தனை முறை ஏற்றினாலும் பயனில்லை. லினக்ஸில் ஒரு குறையும் இல்லாமல் ஓடி, விண்டோஸில் மட்டும் நிற்கிறது என்றால், அப்போது ஃபார்மட் செய்யலாம். செய்த பிறகு, தேவையான டிரைவர்களைத் தவிர வேறெதையும் ஏற்றாமல் ஒரு வாரம் ஓட்டிவிட்டு, மற்ற மென்பொருள்களை ஒன்றொன்றாக ஏற்றுங்கள்.

கடைக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று என்றால், நோட்டின் நகலையும் செய்து முடித்த சோதனைகளின் பட்டியலையும் கேபினெட்டின் மேல் ஒட்டிக் கொடுங்கள். "கேட்காமல் ஃபார்மட் செய்ய வேண்டாம்" என்பதையும் அதில் எழுதுங்கள். விடியற்குளிரில் டிக்கியில் வைத்து மலையிறங்கிய கணினி, கீழே ஈரமும் வெப்பமும் கலந்த காற்றுக்கு வந்ததும், குளிர்ந்த டம்ளர்போல் உள்ளே வியர்க்கும். பாலிதீன் உறையில் சுற்றிக் கொண்டுபோய், இரண்டு மூன்று மணி நேரம் அங்கேயே வைத்திருந்து, பிறகு பிரித்துப் போடச் சொல்லுங்கள்.

எப்போது தீர்ந்தது என்று கொள்ளலாம்? இரண்டு நீலத்திரைகளுக்கு நடுவே இதுவரை இருந்த மிக நீண்ட இடைவெளியை நோட்டில் பார்த்து, அதைப்போல் மூன்று மடங்கு நாள் காத்திருங்கள். எனக்கு நான்கு நாள் என்பதே மிக நீண்ட இடைவெளி. பன்னிரண்டு நாள் காத்திருந்தேன். பதின்மூன்றாம் நாள் காலை மேகம் வாசல்வரை இறங்கியிருந்தது. கணினியைப் போட்டுக் கால் மணி நேரம் வேறு வேலை செய்யாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இழந்த இரண்டு மாதக் கணக்கைத் தேயிலை ரசீதுகளிலிருந்து மறுபடியும் ஏற்றத் தொடங்கினேன்.